சியாட்டிகாவும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்

சியாட்டிகா என்பது கீழ்முதுகிலோ புட்டத்திலோ தொடங்கி, தொடையின் பின்புறம் வழியாகக் கெண்டைக்கால், பாதம் வரை இறங்கும் நரம்பு வலி ஆகும். தமிழில் இது இடுப்பு நரம்பு வலி, கால் நரம்பு வலி என்றும் வழங்கப்படுகிறது. இது தனியொரு நோயன்று. பல்வேறு காரணங்களால் ஏற்படக்கூடிய அறிகுறிகளின் தொகுப்பு ஆகும். பெரும்பாலும் இடுப்புப் பகுதியிலுள்ள முள்ளெலும்பிடை வட்டு பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்துவதும் அங்கு அழற்சியை உண்டாக்குவதுமே இதற்குக் காரணமாகும்.

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பு மூட்டுகளைக் கைகளால் அழுத்தியும் அசைத்தும் செய்யப்படும் ஒரு சிகிச்சை முறை ஆகும். இது 1895 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது. சியாட்டிகா உள்ளவர்களில் சிலருக்கு இம்முறை வலியைக் குறைக்க உதவலாம் என ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் அவ்வாய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மேலும், சியாட்டிகா பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும் இயல்புடையது என்பதால், எந்தச் சிகிச்சையின் பலனையும் மதிப்பிடும்போது இவ்வியல்பைக் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

பெயர்

இடுப்பு மூட்டைக் குறிக்கும் 'இஸ்கியோன்' என்னும் கிரேக்கச் சொல்லே இலத்தீன் வழியாகச் 'சியாட்டிகா' எனத் திரிந்தது. பழங்காலத்தில் இடுப்பு மூட்டின் வலிகளும் இந்நரம்பின் வலியும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. ஆயுர்வேத நூல்களில் கூறப்படும் 'கிருத்ரசி' என்னும் நோயின் அறிகுறிகள் சியாட்டிகாவை ஒத்துள்ளன. 'கிருத்ர' என்பது கழுகைக் குறிக்கும் வடசொல் ஆகும். வலியால் காலை இழுத்து நடப்பவரின் நடை கழுகின் நடையைப் போன்றிருப்பதால் இப்பெயர் வந்தது என்பர்.

நரம்பின் அமைப்பு

சியாட்டிக் நரம்பு மனித உடலிலுள்ள நரம்புகளில் மிகத் தடித்தது ஆகும். தொடங்கும் இடத்தில் இதன் அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. இடுப்புப் பகுதியின் 4 ஆம், 5 ஆம் நரம்பு வேர்களும், திருவெலும்புப் பகுதியின் 1, 2, 3 ஆம் நரம்பு வேர்களும் இணைந்து இந்நரம்பை உருவாக்குகின்றன. இது புட்டத்தில் பைரிபார்மிஸ் தசைக்கு அடியில் வெளிவந்து, தொடையின் பின்புறமாக இறங்கி, பொதுவாக முழங்காலுக்குச் சற்று மேலே இரு கிளைகளாகப் பிரிகிறது. தொடையின் பின்புறத் தசைகளும் முழங்காலுக்குக் கீழுள்ள எல்லாத் தசைகளும் இந்நரம்பினால் இயக்கப்படுகின்றன. முழங்காலுக்குக் கீழே, காலின் உட்புறப் பட்டை நீங்கலாக, ஏனைய பகுதிகளின் தொடுவுணர்வும் இதன் வழியாகவே செல்கிறது. இடுப்பில் ஏற்படும் பாதிப்பு பாதத்தில் வலியாக உணரப்படுவதற்கு இவ்வமைப்பே காரணமாகும்.

காரணங்கள்

இரு முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டு, அதிர்வைத் தாங்கும் மெத்தை போன்றது. இது பேச்சு வழக்கில் ஜவ்வு அல்லது டிஸ்க் எனப்படுகிறது. இதன் வெளிப்புறம் உறுதியான நார் வளையத்தாலும், உட்புறம் கூழ் போன்ற மையப் பொருளாலும் ஆனது. நார் வளையம் நலிந்து கிழியும்போது உட்கூழ் வெளியே பிதுங்குகிறது. சியாட்டிகாவில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வகையினாலேயே ஏற்படுகிறது. இடுப்பின் 4, 5 ஆம் முள்ளெலும்புகளுக்கு இடையிலும், 5 ஆம் முள்ளெலும்புக்கும் திருவெலும்புக்கும் இடையிலும் உள்ள வட்டுகளே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன.

'ஜவ்வு விலகிவிட்டது' என்று கூறப்பட்டாலும், வட்டு தன் இடத்தை விட்டு நழுவுவதில்லை. அது மேலும் கீழும் உள்ள எலும்புகளுடன் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளது. அதன் ஒரு பகுதி மட்டுமே பிதுங்குகிறது. பிதுங்கிய கூழ் நரம்பு வேரை அழுத்துவதோடு, அதிலுள்ள வேதிப்பொருள்களால் அழற்சியையும் உண்டாக்குகிறது. இதனாலேயே சிறிய பிதுக்கம் சிலருக்குக் கடும் வலியையும், பெரிய பிதுக்கம் வேறு சிலருக்கு வலியே இல்லாத நிலையையும் தருகிறது.

பிற காரணங்கள்:

* தண்டுவடக் கால்வாய் குறுகுதல் (பெரும்பாலும் முதியோரிடம்)
* ஒரு முள்ளெலும்பு அடுத்ததன் மேல் முன்னோக்கி நகர்தல்
* பைரிபார்மிஸ் தசை நரம்பை அழுத்துதல்
* கட்டிகள், நோய்த்தொற்று, எலும்பு முறிவு (அரிதாக)

வாழ்நாளில் ஒரு முறையேனும் சியாட்டிகாவுக்கு ஆளாவோர் 13 முதல் 40 விழுக்காடு வரை எனப் பலவாறு மதிப்பிடப்பட்டுள்ளது. 30 முதல் 50 வயது வரையுள்ளோரிடம் வட்டுப் பிதுக்கத்தால் வரும் சியாட்டிகா மிகுதியாகக் காணப்படுகிறது. உடலைத் திருப்பியபடி பாரம் தூக்குதல், அதிர்வுள்ள வாகனங்களை நெடுநேரம் ஓட்டுதல், புகைபிடித்தல், உடற்பருமன் ஆகியன இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

அறிகுறிகள்

வலி பெரும்பாலும் ஒரு காலில் மட்டுமே இருக்கும். மின்சாரம் பாய்வது போலவும், எரிச்சலாகவும், குடைச்சலாகவும் நோயாளிகள் இதனை விவரிப்பர். முதுகு வலியைக் காட்டிலும் கால் வலியே மிகுந்திருப்பது சியாட்டிகாவின் இயல்பாகும். இருமல், தும்மல், முக்குதல், நெடுநேரம் உட்கார்ந்திருத்தல் ஆகியவற்றால் வலி கூடலாம். மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, தசைத் தளர்ச்சி ஆகியனவும் தோன்றலாம். பாதிக்கப்பட்ட நரம்பு வேரைப் பொறுத்து அறிகுறிகள் வேறுபடுகின்றன.

* இடுப்பு 4 ஆம் வேர்: தொடையின் முன்புறமும் கீழ்க்காலின் உட்புறமும் வலி, முழங்கால் அனிச்சைத் துடிப்புக் குறைதல்.
* இடுப்பு 5 ஆம் வேர்: கீழ்க்காலின் வெளிப்புறம், பாதத்தின் மேற்புறம், பெருவிரல் ஆகியவற்றில் வலியும் மரப்பும், பெருவிரலை மேலே தூக்குவதில் தளர்ச்சி, குதிகாலால் நடக்க இயலாமை.
* திருவெலும்பு 1 ஆம் வேர்: கெண்டைக்கால், பாதத்தின் வெளிப்புறம், உள்ளங்கால் ஆகியவற்றில் வலி, நுனிக்காலால் நடக்க இயலாமை, கணுக்கால் அனிச்சைத் துடிப்புக் குறைதல்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து குதிரையின் வால் போல் தொங்கும் நரம்புக் கற்றை முழுவதும் அழுத்தப்படும் நிலை, குதிரைவால் நரம்புக் கூட்டறிகுறி எனப்படுகிறது. இது அரிதானது, ஆனால் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படுவது. காலந்தாழ்த்தினால் சிறுநீர், மலக் கட்டுப்பாடும் பாலுறவுச் செயற்பாடும் நிலையாக இழக்கப்படலாம். பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் வேறெந்தச் சிகிச்சையையும் நாடாமல் மருத்துவமனைக்குச் செல்வது இன்றியமையாதது.

* குதம், பிறப்புறுப்பு, தொடைகளின் உட்புறம் ஆகிய இடங்களில் மரத்துப்போதல்
* சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீர், மலம் தன்னையறியாமல் வெளியேறுதல்
* இரு கால்களிலும் வலி அல்லது தளர்ச்சி
* பாதம் தொங்கிப்போதல், நாளுக்கு நாள் கூடும் தளர்ச்சி

காய்ச்சல், காரணமின்றி உடல் எடை குறைதல், முன்னர் புற்றுநோய் இருந்தமை, விபத்து, நீண்டகால ஸ்டீராய்டு மருந்துப் பயன்பாடு ஆகியவற்றுடன் கூடிய முதுகு வலியும் மருத்துவரால் விரைந்து ஆராயப்பட வேண்டியதாகும்.

கண்டறிதல்

நோயாளியின் விவரிப்பும் உடற் பரிசோதனையுமே கண்டறிதலுக்கு அடிப்படை. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்தும் சோதனை பரவலாகச் செய்யப்படுகிறது. ஏறத்தாழ 30 முதல் 70 பாகைக்குள் கால் வழியே வலி இறங்கினால் நரம்பு வேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் எனக் கொள்ளப்படுகிறது. வலியில்லாத காலை உயர்த்தும்போது வலியுள்ள காலில் வலி தோன்றினால் வட்டுப் பிதுக்கத்திற்கான வாய்ப்பு மேலும் உறுதியாகிறது. இச்சோதனை பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் லசேக் பெயரால் அழைக்கப்படுகிறது. எனினும் அதனை 1881 இல் எழுதி வெளியிட்டவர் அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் ஆவார். அதற்கு முந்தைய ஆண்டே, செர்பிய மருத்துவரும் சிறுகதை எழுத்தாளருமான லாசா லாசரேவிச் இதனை விவரித்திருந்தார்.

தொடக்க வாரங்களில் எம்ஆர்ஐ படம் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை. 1994 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது. அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஒரு வட்டிலேனும் புடைப்பும், 27 விழுக்காட்டினருக்குப் பிதுக்கமும் காணப்பட்டன. எனவே படத்தில் தெரியும் மாற்றம் நோயாளியின் அறிகுறிகளுடன் பொருந்தினால் மட்டுமே பொருளுடையதாகும்.

நோயின் போக்கு

பெரும்பாலோருக்கு வலி 4 முதல் 12 வாரங்களுக்குள் கணிசமாகக் குறைகிறது. பிதுங்கிய கூழை உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகின்றன. வியப்பூட்டும் வகையில், பெரிய பிதுக்கங்களும் முற்றிலும் பிரிந்து வெளியேறிய துண்டுகளுமே மிகுதியாகச் சுருங்குகின்றன. எனினும் ஒரு பகுதியினருக்கு ஓராண்டுக்குப் பின்னும் வலி நீடிக்கிறது.

பொதுவான சிகிச்சைகள்

முற்காலத்தில் வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு பரிந்துரைக்கப்பட்டது. 1999 இல் நெதர்லாந்தில் 183 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, இரு வாரப் படுக்கை ஓய்வினால் கூடுதல் பயன் இல்லை எனக் காட்டியது. இயன்ற அளவு நடமாடுவதும் அன்றாட வேலைகளைத் தொடர்வதுமே இன்று அறிவுறுத்தப்படுகின்றன. உடற்பயிற்சியும் இயன்முறை மருத்துவமும் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன.

மருந்துகளின் பயன் எதிர்பார்த்ததை விடக் குறைவு. நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின், சியாட்டிகாவில் வெற்று மாத்திரையை விட மேலானதன்று என 2017 இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது. இம்மருந்தையும், இதையொத்த காபாபென்டினையும், வாய்வழி ஸ்டீராய்டுகளையும் சியாட்டிகாவுக்குத் தர வேண்டாம் என இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் வழிகாட்டுகிறது. கடும் வலிக்குத் தண்டுவட உறையின் வெளிப்புறத்தில் ஸ்டீராய்டு ஊசி போடப்படுவதுண்டு. இதன் பயன் குறுகிய காலத்திற்கானது.

வட்டுப் பிதுக்கமே சியாட்டிகாவுக்குக் காரணம் என்பதை 1934 இல் அமெரிக்க மருத்துவர்கள் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் ஆகியோர் தெளிவாக்கிய பின்னர் அறுவைச் சிகிச்சை பரவியது. 2007 இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், விரைவில் அறுவை செய்துகொண்டோருக்கு வலி வேகமாகத் தணிந்தது. ஆனால் ஓராண்டின் முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தனர். காத்திருந்த பிரிவில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவையை நாடினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

கைரோபிராக்டிக்

வரலாறு

கனடாவில் 1845 இல் பிறந்த டேனியல் டேவிட் பால்மர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்தார். 1895 செப்டம்பர் மாதம், தன் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்துவந்த, காது கேளாத ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குச் செவித்திறன் மீண்டதாகவும் பால்மர் கூறினார். கை, செயல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து கைரோபிராக்டிக் என்னும் பெயர் உருவாக்கப்பட்டது. 1897 இல் அவர் ஒரு பள்ளியை நிறுவினார். அவருடைய மகன் பி. ஜே. பால்மர் இம்முறையைப் பெருமளவில் பரப்பினார்.

முதுகெலும்புகள் சற்று இடம்பிசகி நரம்பு ஓட்டத்தைத் தடுப்பதாலேயே பெரும்பாலான நோய்கள் உண்டாகின்றன என்று பால்மர் கருதினார். இக்கருத்துக்கு அறிவியல் சான்று இல்லை. பிரித்தானியாவின் பொது கைரோபிராக்டிக் மன்றமே 2010 இல் இதனை ஒரு வரலாற்றுக் கருத்தாக மட்டும் வகைப்படுத்தியது. இன்று கைரோபிராக்டர்களுள் ஒரு சாரார் பழைய கொள்கையைப் பின்பற்றுகின்றனர். மற்றொரு சாரார் முதுகு, கழுத்து, மூட்டு வலிகளுக்கு மட்டுமே தம் பணியை வரையறுத்துக்கொள்கின்றனர்.

அமெரிக்காவில் மருத்துவர்களுக்கும் கைரோபிராக்டர்களுக்கும் நெடுங்காலம் பூசல் நிலவியது. உரிமமின்றி மருத்துவம் செய்ததாகப் பால்மர் 1906 இல் சிறை சென்றார். 1913 இல் கான்சாஸ் மாநிலம் இத்தொழிலுக்கான சட்டத்தை இயற்றியது. கடைசியாக லூசியானா 1974 இல் உரிமம் வழங்கியது. அமெரிக்க மருத்துவக் கழகம் தம்மைப் புறக்கணிப்பதாகச் செஸ்டர் வில்க் உள்ளிட்ட கைரோபிராக்டர்கள் 1976 இல் தொடுத்த வழக்கில், அக்கழகம் போட்டித் தடைச் சட்டத்தை மீறியதாக 1987 இல் தீர்ப்பு வழங்கப்பட்டது.

செய்முறை

முதலில் நோய் வரலாறு கேட்டறியப்பட்டு, அனிச்சைத் துடிப்பு, தசை வலிமை, தொடுவுணர்வு ஆகியன சோதிக்கப்பட வேண்டும். சியாட்டிகாவுக்குப் பின்வரும் முறைகள் பயன்படுத்தப்படுகின்றன.

* விரைவுக் கையாள்கை: நோயாளி ஒருக்களித்துப் படுத்திருக்க, மேற்காலை மடக்கி, இடுப்பு மூட்டுகளில் குறைந்த தொலைவுக்கு விரைவான அழுத்தம் தரப்படுகிறது.
* மடக்கி இழுத்தல்: அசையும் பகுதிகளைக் கொண்ட சிறப்பு மேசையில் குப்புறப் படுக்கவைத்து, கீழ்முதுகு மெதுவாக வளைத்து இழுக்கப்படுகிறது. அமெரிக்கரான ஜேம்ஸ் காக்ஸ் இதனைப் பரப்பினார்.
* மென்மையான அசைவு, தசை தளர்த்தல், வீட்டுப் பயிற்சிகள்.

விரைவுக் கையாள்கையின்போது எழும் 'சடக்' ஒலி, எலும்பு உரிய இடத்தில் சென்று அமர்வதால் எழுவதன்று. மூட்டுப் பரப்புகள் திடீரென விலகும்போது மூட்டு நீரில் வளிக்குழி உண்டாவதே இதற்குக் காரணம். விரல்களில் சொடக்கு எடுக்கும்போது எழும் ஒலியும் இத்தகையதே. ஒலி எழுந்தால்தான் சிகிச்சை பலிக்கும் என்பதும் சரியன்று. அவ்வாறே, பிதுங்கிய வட்டைக் கையால் உள்ளே தள்ள இயலாது. தசை இறுக்கம் தளர்வதாலும், வலியுணர்வை நரம்பு மண்டலம் கையாளும் விதம் சிறிது நேரம் மாறுவதாலும் வலி குறைவதாகக் கருதப்படுகிறது.

ஆய்வுகள்

* 2006, இத்தாலி: வட்டுப் பிதுக்கமும் அண்மையில் தோன்றிய சியாட்டிகாவும் உள்ள 102 பேர். உண்மையான கையாள்கை பெற்றோரில் 55 விழுக்காட்டினரும், போலிக் கையாள்கை பெற்றோரில் 20 விழுக்காட்டினரும் கால் வலியிலிருந்து விடுபட்டனர்.
* 2010, கனடா: 3 மாத மருத்துவத்தில் குணமடையாமல் அறுவைக்குப் பரிந்துரைக்கப்பட்ட 40 பேர். கைரோபிராக்டிக் கையாள்கை பெற்றோரில் 60 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டோருக்கு இணையான பலன் பெற்றனர். பலன் பெறாதோர் பின்னர் அறுவை செய்துகொண்டு நலமடைந்தனர்.
* 2014, அமெரிக்கா: 4 வாரங்களுக்கு மேல் கால் வலியுள்ள 192 பேர். வீட்டுப் பயிற்சியுடன் கையாள்கையும் பெற்றோருக்கு 12 ஆவது வாரத்தில் கூடுதல் பலன் இருந்தது. 52 ஆவது வாரத்தில் கால் வலியைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு தெளிவாக நிலைக்கவில்லை.

இம்முடிவுகளிலிருந்து, கையாள்கை குறுகிய காலத்தில் சிலருக்குப் பயனளிக்கிறது என்பதும், நீண்டகாலப் பயன் உறுதியாகவில்லை என்பதும் தெரியவருகின்றன. நைஸ் வழிகாட்டி, கையாள்கையைத் தனியாக அன்றி உடற்பயிற்சியுடன் சேர்த்து மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. வலி நீங்கிய பின்னரும் சியாட்டிகாவைத் தடுப்பதற்கெனப் பல மாதங்கள் தொடர்ந்து கையாள்கை பெற வேண்டும் என்பதற்கோ, அதற்காக முன்கூட்டியே தொகுப்பாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதற்கோ தக்க சான்று இல்லை.

பாதுகாப்பு

சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓரிரு நாள் நீடிக்கும் உடல்வலி, விறைப்பு அல்லது களைப்பு ஏற்படுகிறது. கீழ்முதுகுக் கையாள்கையால் வட்டுப் பிதுக்கம் மோசமடைந்து குதிரைவால் நரம்புகள் பாதிக்கப்படுவது மிக அரிது. எனினும் அது நிகழ்ந்ததற்குப் பதிவுகள் உள்ளன. கழுத்துக் கையாள்கையுடன் கழுத்துத் தமனிக் கிழிவு தொடர்புபடுத்தப்படுகிறது. சியாட்டிகாவுக்குக் கழுத்தைக் கையாள வேண்டிய தேவை இல்லை.

பின்வருவோருக்கு விரைவுக் கையாள்கை செய்யலாகாது: குதிரைவால் நரம்புக் கூட்டறிகுறி உள்ளோர், தசைத் தளர்ச்சி கூடிவருவோர், எலும்பு முறிவு, முதுகெலும்புக் கட்டி அல்லது நோய்த்தொற்று உள்ளோர், கடுமையான எலும்புப்புரை உள்ளோர். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சிகிச்சையின்போது கால் வலி மேலும் கீழே இறங்கினாலோ, மரப்புக் கூடினாலோ கையாள்கையை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.

பயிற்சியும் சட்டநிலையும்

உலக சுகாதார நிறுவனம் 2005 இல் வெளியிட்ட வழிகாட்டி, முழுமையான கைரோபிராக்டிக் கல்விக்குக் குறைந்தது 4200 மணி நேரப் பயிற்சி தேவை எனக் குறிப்பிடுகிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரித்தானியா முதலிய நாடுகளில் பதிவு பெற்றோர் மட்டுமே இத்தொழிலைச் செய்யலாம். இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் மருத்துவ முறைகளில் கைரோபிராக்டிக் இடம்பெறவில்லை. எனவே சிகிச்சை அளிப்பவர் எங்கு, எத்தனை ஆண்டுகள் பயின்றார் என்பதை அறிந்துகொள்ளும் பொறுப்பு நோயாளியையே சார்கிறது. முதுகெலும்புக் கையாள்கை கைரோபிராக்டர்களுக்கு மட்டும் உரியதன்று. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்களும் ஆஸ்டியோபதி மருத்துவர்களும் இதனைச் செய்கின்றனர்.

சியாட்டிகா ஆய்வின் வரலாறு

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிக்கோ கொட்டுன்னோ, 1764 இல் வெளியிட்ட நூலில், இடுப்பு மூட்டு வலியையும் நரம்பினால் வரும் வலியையும் வேறுபடுத்திக் காட்டினார். இதனால் இந்நோய் சிலகாலம் கொட்டுன்னோ நோய் என்றும் அழைக்கப்பட்டது. வட்டின் பங்கு அறியப்படுவதற்கு அதன் பின்னர் 170 ஆண்டுகள் ஆயின.

தடுப்பு

தொடர்ந்து உடற்பயிற்சி செய்வதே முதுகு வலி மீண்டும் வராமல் தடுப்பதில் பயனுள்ளதாக அறியப்பட்டுள்ளது. இடுப்புப் பட்டைகளும் காலணி உள்ளட்டைகளும் அத்தகைய பயனைத் தருவதில்லை. புகைபிடித்தலை நிறுத்துதல், உடல் எடையைக் கட்டுக்குள் வைத்தல், பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்குதல், நெடுநேரம் ஒரே நிலையில் உட்காராதிருத்தல் ஆகியனவும் பரிந்துரைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* முதுகெலும்பு
* முள்ளெலும்பிடை வட்டு
* இயன்முறை மருத்துவம்
* மாற்று மருத்துவம்